களாப் புதரை விட்டுவையுங்கள்: பாலக்கோடு வட்டாரத்து உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி, வெள்ளிச்சந்தை, மகேந்திரமங்கலம், பெல்ரம்பட்டி என்று எந்தப் பக்கம் நீங்கள் நிலம் வைத்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். கரட்டடியில் கொல்லை உள்ளவர்களும் ஓடையை ஒட்டித் தோப்பு உள்ளவர்களும் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். உங்கள் வேலி ஓரத்தில் நிற்கும் களாப் புதரைப் பற்றி எழுதுகிறேன். கிளாக்காய் என்று நம் பிள்ளைகள் கை நிறையப் பறித்துத் தின்ற அதே செடிதான். இன்னும் சில ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டால், பிறகு பேசுவதற்கு அது இங்கே இருக்காது என்று அஞ்சுகிறேன்.

எப்படிப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். நிலத்தைத் திருத்த பொக்லைன் வருகிறது. உழவுக்குச் சேர வேண்டிய இடம் அரை நாளில் திருந்திவிடும். வண்டி வந்ததுதான் வந்தது, வாடகையும் கொடுத்தாயிற்று என்று வேலி ஓரத்தையும் ஒரு கை பார்க்கச் சொல்கிறோம். அப்பா காலத்திலும் தாத்தா காலத்திலும் நின்ற புதர் வேரோடு புரண்டு ஒரு மூலையில் குவிகிறது. பத்து நாள் காய்ந்த பிறகு தீ வைக்கிறோம். அந்த இடத்தில் கல்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். ‘கொல்லை இப்போதுதான் சுத்தமாயிருக்கிறது’ என்று பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைத்தான் நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அங்கிருந்து போனது குப்பையல்ல.

களா அரிய செடி என்று சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்க மாட்டேன். நம் வேலியில் நிற்கும் சிறுகளா ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை வளர்கிறது. பாலக்கோட்டில் அத்தனையையும் பிடுங்கிப் போட்டாலும் உலகத்தில் களா அழியாது. உங்கள் கொல்லையிலிருந்துதான் அழியும். அதோடு சேர்ந்து என்னென்ன போகும் என்பதுதான் கவலை.

இந்தச் செடிக்கு ஏற்ற இடம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சரளை கலந்த செம்மண், பாறை இடுக்கு, கரட்டின் அடிவாரம், நீர் தேங்காத ஓடைக்கரை, உழவு படாத வரப்பு. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அது தழைக்காது. மழை பொய்த்த ஆண்டிலும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும். வெட்டினாலும் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். கரட்டின் மேலேறினால் விராலியும் ஆவாரையும் சதுரக்கள்ளியும் மிகுதி. கீழே ஓடைக்கு இறங்கினால் புங்கனும் நொச்சியும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சரிவுதான் களாவின் வீடு. நம் கெட்ட நேரம், மாந்தோப்பு வைப்பதற்கும் தக்காளி போடுவதற்கும் மனை பிரிப்பதற்கும் எல்லோரும் தேடுவது அதே சரிவைத்தான்.

பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு கரட்டடியில் இன்னும் நிற்கும் ஒரு புதரைச் சொல்கிறேன். இரண்டு மாட்டுவண்டி நிறுத்தும் அகலம் இருக்கும். நடுவில் களா, ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. கிளையை ஒடித்தால் பால் வடிகிறது. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்லவா. ஒரு பக்கம் காரை நெருங்கி நிற்கிறது. மறுபக்கம் சூரைக்கொடி களாவைப் பற்றிக்கொண்டு மேலேறியிருக்கிறது. களாவின் முள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், சில கவட்டையாகப் பிரியும். சூரையின் முள் கொக்கிபோல் வளைந்திருக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில் கையை உள்ளே விட்டவர் கீறல் இல்லாமல் எடுக்க முடியாது. மேலே கோவையும் பிரண்டையும் படர்ந்திருக்கின்றன. அடியில் நன்னாரியும் தண்ணீர்விட்டானும் இருக்கின்றன, சர்க்கரை நோய்க்காரர்கள் தேடும் சிறுகுறிஞ்சானும் சுற்றிக்கொண்டு நிற்கிறது. புதரின் ஒரு மூலையில் கறையான் புற்று.

அந்தப் புதருக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கட்டாந்தரை. ஆடு மேய்ந்து, வெயில் காய்ந்து, மழை வந்தால் மண் அரித்துக்கொண்டு போகும் தரை. புதருக்குள் குனிந்து பார்த்தால் மட்கிய சருகு மெத்தையாகக் கிடக்கிறது. விரலால் கிளறினால் கோடையிலும் அடியில் குளிர்ச்சி தெரிகிறது. நடுவில், ஆட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில், ஒரு வேப்பங்கன்றும் இரண்டு அரப்புக்கன்றுகளும் தலையெடுத்திருக்கின்றன. அந்தக் கன்றுகளை யாரும் நடவில்லை. யாரும் கூண்டு போடவில்லை, தண்ணீர் ஊற்றவுமில்லை. பிறந்த கன்றைப் பட்டிக்குள் அடைத்துக் காப்பதுபோல களா அவற்றைக் காத்து வளர்த்துக்கொண்டிருக்கிறது. மரக்கன்று நடும் விழாக்களில் நட்டவற்றில் எத்தனை பிழைக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே போய்ப் பாருங்கள். முள்ளின் மறைவில் முளைத்தது நிற்பதும், வெட்டவெளியில் நட்டது காய்வதும் கண்ணுக்குத் தெரியும்.

சந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரிக் காடுகளுக்குச் சந்தனத்தால் வந்த பெயரும் அதன் கடத்தலால் வந்த துன்பமும் உங்களுக்குத் தெரிந்தவை. சந்தனம் தனித்து வாழும் மரமல்ல. தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரோடு பிணைத்து நீரையும் சத்தையும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. அதன் கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்கிறது. தின்ற குருவி எங்கே போய் உட்காரும்? முள் நிறைந்த, பழம் நிறைந்த புதரில்தான். அங்கே விழும் எச்சத்தில் விதை இருக்கிறது, சுற்றிலும் பற்றிக்கொள்ள வேர்கள் இருக்கின்றன, மேய்ச்சலிலிருந்து காக்க முள் இருக்கிறது. ‘முன்னெல்லாம் இந்தக் கரட்டில் சந்தனம் தானாக முளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது இப்படி நடந்ததுதான். இன்றைக்குச் சந்தனக் கன்றை விலை கொடுத்து வாங்கி, பக்கத்தில் துணைச்செடி நட்டு, வேலி போட்டு வளர்க்கிறோம். அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்த புதரை மட்டும் தீ வைத்துக் கொளுத்துகிறோம்.

களாவை நம்பிப் பிழைப்பவை இன்னும் பல. மாசி, பங்குனியில் அது வெள்ளையாகப் பூக்கும்போது மணம் வேலியைத் தாண்டி வரும். ஒடுங்கிய குழல்போன்ற பூ. இரவில் அந்துப்பூச்சிகள் தேடி வரும். வைகாசி, ஆனியில் பழம் கறுக்கும்போது மைனாவும் கொண்டைக்குருவியும் முதலில் வரும். காட்டோரமாக இருந்தால் நரியும் கரடியும் வரும். கௌதாரி அடியில் பதுங்கும், முயல் படுத்துக் கிடக்கும். உங்கள் தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீயை எண்ணிப் பாருங்கள். அது உழுது புரட்டிய நிலத்தில் கூடு கட்டுவதில்லை. உழவு படாத வரப்பிலும் மண்சரிவிலும்தான் வளை தோண்டும். மா பூக்கும் ஓரிரு மாதங்களுக்கு உங்களுக்கு ஈயும் தேனீயும் வேண்டும். மீதி மாதங்களில் அவை எங்கே போய்ப் பிழைக்கும்? தோப்புக்குள் அப்போது பூவில்லை. வேலியில் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று பூத்திருந்தால்தான் தை பிறக்கும்போது அவை உயிரோடு உங்கள் மரத்துக்கு வரும்.

இந்த முட்காட்டுக்கு நம் அரசுப் பதிவேடுகள் வைத்திருக்கும் பெயர்களே அதற்குக் கேடாகிவிட்டன. கிராமக் கணக்கில் அது தரிசு, கல்லாங்குத்து, புறம்போக்கு. நாட்டின் தரிசுநில வரைபட ஏட்டில் புதர்க்காடு என்பது பயன்படாத நிலத்தின் ஒரு வகை. 1968-இல் சாம்பியனும் சேத்தும் வகுத்த வனவகைப் பட்டியலில் தெற்கத்திய முட்காட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அதன் புதர்ப் பகுதியைச் சிதைந்த நிலை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒன்றுக்கும் உதவாதது என்று காகிதத்தில் எழுதப்பட்ட நிலத்தில் குவாரி வந்தாலும் குப்பை கொட்டினாலும் கேட்க ஆளில்லை. பசுமைத் திட்டம் என்ற பெயரில் வரும்போதும் அங்கே முதலில் நடப்பது புதரை அகற்றிக் குழி தோண்டுவதுதான். இருக்கிற காட்டை அழித்துவிட்டுக் காடு வளர்ப்பதாகச் சொல்வதை எப்படி ஏற்பது?

சீமைக்கருவேலம் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது. அதை அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. உண்ணிச்செடியும் அப்படித்தான், ஆடுமாடு தின்றால் நஞ்சு, படர்ந்த இடத்தில் வேறெதையும் வாழ விடாது. ஆனால் இயந்திரம் ஓட்டுபவருக்கு எது சீமைக்கருவேலம், எது நாட்டுக் களா என்று யார் சொல்வது? முள் என்றால் எல்லாம் முள்தான் என்று அவர் வாரிவிடுகிறார். வெறுமையான அந்த இடத்தில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்தான். விரட்டப்பட்டதே திரும்பி வந்து உட்கார்கிறது, விரட்டக்கூடாதது போய்விடுகிறது.

உங்களுக்கும் சில குறைகள் இருக்கின்றன. அவற்றை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

புதரில் பாம்பு இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். எலி எங்கே இருக்கிறதோ அங்கே அதுவும் இருக்கும். வேலியை எரித்தால் பாம்பு போகும், எலி போகாது. நிலக்கடலை போட்டவர்களுக்கு எலி என்ன செய்யும் என்று தெரியும். பிள்ளைகள் நடமாடும் வீட்டோரத்துப் புதரை ஒதுக்குங்கள், அது நியாயம். வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கொல்லை எல்லைக்கும் அதே காரணத்தைச் சொல்லாதீர்கள்.

நிலம் வீணாகிறது என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. நாலடி அகலத்துக்கு வேலி விட்டால் ஏழெட்டு சென்ட் போகும். பக்கத்துக் கொல்லைக்காரரும் நீங்களும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொண்டால் உங்கள் பங்குக்கு நாலு சென்ட். கல்கால் விலை, கம்பி விலை, துருப்பிடித்தால் மாற்றும் செலவு எல்லாவற்றையும் அந்த நாலு சென்ட்டோடு வைத்து எடை போடுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல்நிலம் வைத்திருப்பவர்கள் இன்றுவரை முள்கிளுவையால் உயிர்வேலி கட்டித்தான் மாடு மேய்க்கிறார்கள். அவர்களுக்கும் நிலம் பொன்தான்.

காட்டுப்பன்றியும் யானையும் வருகின்றன, கம்பி இல்லாமல் முடியாது என்கிறீர்கள். இது உங்கள் உண்மையான வேதனை. ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காவல் காத்தும், விடியும்போது நிலம் புரட்டிக் கிடப்பதைப் பார்க்கும் வயிற்றெரிச்சலை ஊருக்கு வெளியே இருப்பவர் யாரும் லேசாகப் பேசக்கூடாது. களா வேலி யானையை நிறுத்தாது. நிறுத்தும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அடியிலிருந்தே நெருங்கி வளர்ந்த வேலி ஆடுமாட்டைத் தடுக்கும், பன்றிக்கும் எளிதில் வழிவிடாது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கம்பியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சும் பழக்கம் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதை மறக்காதீர்கள். 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்து விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனபோது நம் ஊர்ப் பெயரும் சேர்ந்து போனது. வேலி என்றால் உயிரை வாங்குவது என்று நம் முன்னோர் நினைத்ததில்லை.

காட்டுக்குள் இருப்பதைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், உங்கள் வரப்பிலும் ஓடைக்கரையிலும் ஊர்க்கரட்டிலும் இருக்கும் புதருக்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை. அதற்குக் காவல் நீங்கள் மட்டும்தான். கரட்டிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து அடுத்த கரட்டுக்கும் கௌதாரியும் கீரியும் விதை சுமக்கும் குருவியும் போய்வரும் வழி உங்கள் வேலிதான். வேலி அறுந்தால் ஒவ்வொரு கரடும் தனித்தனித் தீவாகிவிடும்.

நமக்குக் களாவோடு பழைய உறவும் இருக்கிறது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைச் சொல்லித்தான் தருமபுரிக்காரர்கள் எங்கு போனாலும் பெருமைப்படுகிறோம். நெல்லிக்கு மட்டுமல்ல, களாவுக்கும் அப்படியொரு பெருமை உண்டு. பதிற்றுப்பத்தில் ஒரு சேர மன்னனின் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். பொன்முடிக்குப் பதிலாக நாரால் முடியும், களங்காயால் கண்ணியும் சூடியவன் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அரசன் தலையில் இருந்த காய் நம் கொல்லையில் குப்பையாகிவிட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

காசு வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பச்சைக் களாக்காய் ஊறுகாய்க்கு ஏற்றது. இனிப்புக் கடையில் கேக்கின் மேல் சிவப்பாகச் செர்ரி என்று வைக்கிறார்களே, அது பெரும்பாலும் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். பெருங்களா அதற்கென்றே பயிராகிறது. நம் பேருந்து நிலையத்தில் பாட்டிமார்கள் கூறு கட்டி விற்ற பழம் எங்கோ வேறு மாநிலத்தில் பதப்படுத்தப்பட்டு டப்பாவில் நம்மிடமே திரும்பி வருகிறது. மாங்கூழ் ஆலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு காயை ஊறுகாயாக்கி விற்பது பெரிய காரியமா? மகளிர் குழுக்கள் மனது வைத்தால் ஆகாதா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை பொக்லைன் வருவதற்கு முந்தின நாள், வேலி ஓரமாக ஒரு நடை நடந்து வாருங்கள். களா, காரை, சூரை, சங்கஞ்செடி, கிளுவை எது நின்றாலும் அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். துணி கட்டியதைத் தொடக்கூடாது என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோடையில் வரப்புக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள். கம்பி போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் புதரை விட்டுவைத்து அதன் உள்பக்கமாகப் போடுங்கள்.

வேலி ஏற்கெனவே போய்விட்டது என்றால் ஒரே ஒரு பக்கத்திலாவது திரும்பக் கொண்டுவாருங்கள். பழம் கறுத்துக் கனிந்ததும் விதையை எடுத்துக் கழுவி அப்போதே விதைக்க வேண்டும். வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் நாற்றைப் பைக்கு மாற்றி, அடுத்த ஆண்டு மழைக்கு மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். முதல் இரண்டு கோடைக்குக் கொஞ்சம் தண்ணீரும், ஆட்டிடமிருந்து கொஞ்சம் காவலும் போதும். அதற்குப் பிறகு அது உங்களிடம் ஒன்றும் கேட்காது.

பொதுநிலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊர்க்கரடும் ஓடைப் புறம்போக்கும் அங்கே நிற்கும் செடிகளும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆடு மேய்க்கும் பெரியவர்களையும் மருந்துச் செடி அறிந்தவர்களையும் உட்காரவைத்து எழுதுங்கள்; அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் வெளியிலிருந்து வரப் போவதில்லை. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதுவும் பாறையும் குன்றும் புதரும் நிறைந்த, வெளியாருக்கு வெறும் கல்லாகத் தெரிந்த இடம்தான்.

வரும் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். ‘எங்கள் ஊர்க் கரட்டிலும் ஓடைக்கரையிலும் உள்ள நாட்டு முட்புதர்களைச் சபையின் ஒப்புதல் இல்லாமல் அகற்றக்கூடாது, ஓடை தூர்வாரும்போதும் சீமைக்கருவேலம் அகற்றும்போதும் அவற்றை விட்டுவைக்க வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இரண்டு வரிதான். அதை எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, உங்கள் கண் முன்னால் பதிவேட்டில் ஏற்றிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.